மைல்காரனின் வயது

அவன் ஓடி நான் பார்த்தது மொத்தமே ஐம்பது தடவை இருக்கும். நடந்து பார்த்ததுதான் அதிகம். அதை நடை என்று சொல்லவே மனசு வரவில்லை. இரும்புலியூரில் இருந்த அவன் வீட்டிலிருந்து தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அதை ஐம்பது நிமிஷத்தில் கடப்பான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியும் பஸ்ஸும் பறந்துகொண்டிருக்க, ஓரமாக, புத்தகப் பையின் காதைத் தலையில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வருவான். வழியில் இருக்கும் ஒவ்வொரு கடை போர்டையும் நின்று படிப்பான். நேற்றும் அதே போர்டுதான், முந்தாநாளும் அதே போர்டுதான். கடைசி வரியில் பெயின்டர் பெயர் போட்டிருந்தால் அதையும் படித்துவிட்டுத்தான் நகருவான்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்பதற்காக இல்லை. வந்தால் எனக்குத்தான் வரும். இப்போது எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லி இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்றெல்லாம் நம்பிக்கை இல்லை. தூக்கித் தூக்கி அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மைல்காரன் என்று பெயர். எண்பதுகளின் நடுவில் எல்லா ஓட்டமும் மீட்டருக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் நடக்கும் போட்டியில் மட்டும் ஒரே ஒரு பந்தயம் மைலிலேயே நின்றுவிட்டது. எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன கோப்பை, அதில் 'ஒரு மைல்' என்று செதுக்கியே இருக்கிறதாம். அதை அழிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடி தூவிப் போட்ட ஓடுபாதை சுற்றுக்கு முந்நூறு மீட்டர். ஐந்து சுற்று போனாலும் மைலுக்கு இன்னும் நூற்றொன்பது மீட்டர் குறையும். அதனால் மைல் ஓடுகிறவர்கள் மட்டும் கோட்டுக்கு நூற்றொன்பது மீட்டர் பின்னால் போய், கழிப்பறைச் சுவரை ஒட்டி நின்று கிளம்ப வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிற ஓட்டம் என்று எல்லாரும் எங்களைக் கேலி செய்வார்கள்.

அந்த நாற்றத்திலும் நின்று கொட்டாவி விட்டவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் கையை உதறி, காலை உதறி, நெற்றியில் சிலுவை போட்டு, விபூதி வைத்து என்னென்னவோ செய்வோம். அவன் அதுவரைக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் படுத்துக் கிடப்பான். ஒருவன் போய்த் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்.

"டேய், கூப்பிடறாங்கடா. எழுந்திரு."

"இன்னா அவசரம்? துப்பாக்கி சுட்ட அப்புறந்தான ஓடணும்?"

'இன்னா அவசரம்' என்பதுதான் அவன் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. பரீட்சைத் தாளைப் பிடுங்க வந்த வாத்தியாரிடமும் சொல்லியிருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருஷம் தங்கிவிட்டு எங்கள் செட்டுக்கு வந்தவன் அவன். பெயிலானதைப் பற்றி யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வான். ரயில்வே கேட் மூடியிருந்தால் நாங்கள் எல்லாரும் குனிந்து அடியில் புகுந்து போய்விடுவோம். அவன் நிற்பான். ஒரு கூட்ஸ் வண்டி போய், எதிர்ப்பக்கம் எலெக்ட்ரிக் டிரெயின் போய், கேட்காரர் சாவகாசமாகக் கேட்டைத் தூக்குகிற வரைக்கும் நிற்பான். முதல் பெல்லுக்கு அவன் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"ஏண்டா, மைலை நாலரை நிமிஷத்துல ஓடறவனுக்கு ஒன்பது மணிக்கு ஸ்கூலுக்கு வரத் தெரியாதா?" என்று கணக்கு வாத்தியார் ஒரு நாள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"ஓடியாந்தா வந்துருவேன் சார். வேர்த்துரும்."

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நிஜமான காரணத்தைத்தான் சொல்லியிருந்தான்.

ஓட ஆரம்பித்துவிட்டால் அது வேறு ஆள். எப்படி வேறு என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் அவனை முன்பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முதுகும் குதிகாலும்தான். வெறுங்கால். குதிகால் தரையில் பட்டதா இல்லையா என்றே தெரியாது. கையும் காலும் அவனுக்கு உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளம். சட்டைக் கை எப்போதும் முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். நடக்கும்போது தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கைகள் ஓடும்போது ஒழுங்காக அதனதன் வேலையைப் பார்த்தன. முதல் சுற்றிலேயே முன்னால் போய்விடுவான். அப்படிப் போகக் கூடாது, கடைசி இரண்டு சுற்றுக்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்று பி.டி. மாஸ்டர் கத்தாத நாள் இல்லை.

ஒரு தடவை நானே கேட்டேன். "ஏண்டா எடுத்தவுடனே முன்னாடி போயிடற?"

"பின்னாடி வந்தா தூசி மச்சான். மூக்குல ஏறுது."

ஓடி முடித்ததும் நாங்கள் எல்லாரும் முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து, எச்சிலைத் துப்பி, பி.டி. மாஸ்டரைச் சுற்றிக்கொண்டு 'சார் எனக்கு எவ்ளோ, சார் எனக்கு எவ்ளோ' என்று பிடுங்குவோம். அவன் போய்ச் சட்டையை எடுத்து, உதறி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு நிற்பான். தன் டைம் என்ன என்று அவன் ஒரு தடவையாவது கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் ஒரு வினாடியைக் குறைக்க ஒரு மாசம் உழைப்பேன். ராத்திரி சாப்பாட்டைக்கூட அளந்து சாப்பிட்டேன். இவன் மரத்தடியில் தூங்கி எழுந்து வந்து, தூசி பிடிக்காது என்று முன்னால் போய்விடுகிறான்.

பிளஸ் ஒன்னில் நடந்த தேர்வு ஓட்டத்தில் அவன் மைலை நாலு நிமிஷம் இருபத்தொரு வினாடியில் முடித்தான். நான் நாலு முப்பத்தெட்டு. பி.டி. மாஸ்டர் ஸ்டாப் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார். கூடவே டைம் பிடித்த இன்னொரு வாத்தியாரின் வாட்ச்சை வாங்கிப் பார்த்தார். அதிலும் நாலு இருபத்தொன்றுதான். அப்புறம் ஒரு மணி நேரம் மைதானத்தில் டேப் வைத்து அளக்கச் சொன்னார். பாதை சுருங்கிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். அளந்தால் சுற்றுக்கு ஒரு மீட்டர் கூடவே இருந்தது.

"டேய், காலேஜ் பசங்க ஓட மாட்டானுங்கடா இந்த டைமு. ஷூ போட்டு, கரித்தூள் கொட்டின சிண்டர் டிராக்ல ஓடறவனே திணறுவான்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அதில் அச்சடித்திருந்த கம்பெனி விலாசத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்துக்கு ஒருவர்தான் மைலுக்குப் போகலாம். பதினாறு வயது முடிந்திருக்கக் கூடாது. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாடு, முட்டை, பால், ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதைத் தாண்டினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலை. அவன் அப்பா பல்லாவரம் கல் குவாரியில் கல் உடைத்து நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடந்தார். அம்மா தோல் கம்பெனியில் தோல் சுரண்டுகிற வேலை. அந்த அம்மா வந்து நின்றால் வாடை முதலில் வரும், அது தெரிந்து அவர்களே நாலடி தள்ளித்தான் நிற்பார்கள். அந்த வீட்டுக்கு அந்த விடுதியும் வேலையும் என்னவாக இருந்திருக்கும் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. என் அப்பா கிளார்க். வீட்டில் பசி இல்லை. ஆனால் நான் சுமாராகப் படிப்பவன். ஓட்டத்தை விட்டால் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது.

பட்டியல் எழுதும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சர்டிபிகேட்படி அவனுக்குப் பதினாறு முடிந்து ஆறு மாசம் ஆகிறது. பிறந்த தேதி ஜூன் ஒன்று.

"ஜூன் ஒண்ணா? உனக்குமா?" என்று பி.டி. மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். அவன் முதலில் சேர்ந்த ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்றை யாரும் கொண்டுபோவதில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. அவ்வளவுதான் சட்டம்.

அவன் அம்மா மறுநாள் வந்து மைதானத்து ஓரத்தில் நின்று சொன்னார்கள். "நாலு வயசுகூட ஆவல சார் அப்போ. எனக்கு வேலைக்குப் போவணும், வூட்ல பாத்துக்க ஆளு இல்ல. சேத்துக்குவாங்களான்னு இட்டுகினு போனேன். காதத் தொடுடான்னாரு. இவனுக்குக் கைதான் நீட்டமாச்சே, தொட்டுட்டான். அவரும் எழுதிகினாரு. நல்லதுதான்னு நெனச்சு வந்துட்டேன்."

மற்ற பள்ளிக்கூடங்களிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டோர் என்று வருகிறவர்களில் இரண்டு பேர் போட்டி அன்று காலையில் மீசை மழித்துக்கொண்டு வருவார்கள். ஒருவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள் என்றுகூடப் பேச்சு. அவர்களுடைய பேப்பர் எல்லாம் சுத்தம். நிஜத்திலேயே பதினைந்து வயதுப் பையன் ஒருவன்தான் பேப்பரில் கிழவனாக நின்றான். எந்தக் கை அவனை அப்படி ஓட வைத்ததோ அதே கைதான் அவனுக்கு வயதையும் ஏற்றிவிட்டது.

"ஞானஸ்நானம் எங்க குடுத்தீங்கம்மா?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவர்கள் சொன்ன கோயில் எங்கள் கோயில். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் செயலாளர் என் அப்பா. மாஸ்டர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம்.

"டேய், உங்கப்பா கிட்ட சொல்லி, பதிவேட்டுல இவன் பொறந்த தேதி இருக்கற பக்கத்தைப் பார்த்து எழுதி, போதகர் கையெழுத்தோட வாங்கிட்டு வா. கமிட்டில ஒத்துப்பாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகுது. அதுக்குள்ள வேணும்."

அன்றைக்குப் புதன்கிழமை. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். அது நிஜம், சொன்னேன். அவர் மறுநாள் ஆபீஸிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், பழைய பதிவேடுகளைப் புரட்டி, எழுதி, போதகரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம் அவருக்கு.

"பாவம், அந்தப் பையனுக்கு இன்னும் பதினஞ்சு தாண்டி அஞ்சு மாசம்கூட ஆகலை. நாளைக்கே குடுத்துடு. மறந்துடாத."

"குடுத்துடறேம்ப்பா."

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கெமிஸ்ட்ரி ரெக்கார்டு என் பையிலேயே இருந்தது. கொடுக்கக் கூடாது என்று நான் தீர்மானம் எதுவும் செய்யவில்லை. இன்றைக்கு வேண்டாம், திங்கட்கிழமை கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை, நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கெட்ட காரியம் செய்கிறவர்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான் பரோட்டா சாப்பிட்டேன், கிரிக்கெட் பார்த்தேன், தூங்கினேன். தினமும் ஒரு தடவை நோட்டைத் திறந்து அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு மூடினேன்.

"என்னடா, அப்பா என்ன சொன்னாரு?" என்றார் மாஸ்டர்.

"பதிவேடு பழசு சார். தேடிட்டிருக்காரு."

"குடுத்துட்டியாடா?" என்றார் அப்பா.

"ம்."

அவன் மட்டும் ஒரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இதை நான் எனக்கே பல வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றோம். நானாகவே ஆரம்பித்தேன். "அப்பா இன்னும் தேடறாருடா."

"வரும்போது வரட்டும் மச்சான். இன்னா அவசரம்?" என்று சொல்லிவிட்டு, குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கை நிறைகிற வரைக்கும் காத்திருந்து குடித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பெயரோடு பட்டியல் போனது. மாஸ்டர் என் முதுகில் தட்டி, "இனிமே உன் கைலதான்" என்றார். அவர் கண்ணில் என்னைப் பார்க்கிற ஆசையே இல்லை.

சனிக்கிழமை அவன் வீட்டுக்கே போய்ச் சீட்டைக் கொடுத்தேன். அவன் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தான். "இப்பதான்டா கிடைச்சுது. லிஸ்ட் நேத்தே போயிடுச்சு" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அவன் படித்தான். அவன் எதையும் எப்படிப் படிப்பான் என்று சொன்னேன் அல்லவா, அப்படித்தான் படித்தான். கோயில் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, சாட்சிகள் பெயர், எல்லாம் வரிவரியாக, உதடு அசைய. கடைசியில் போதகர் கையெழுத்துக்குக் கீழே, சீட்டு எழுதப்பட்ட தேதியை என் அப்பா தன் அழகான கையெழுத்தில் போட்டிருந்தார். என்னிடம் அது ஒன்பது நாளாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அதை நான் மறந்துபோயிருக்கவில்லை. கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்திருந்தேன். கிழித்தால் முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

அவன் விரல் அந்த இடத்தில் நின்றது. நின்றதாகத்தான் எனக்குப் பட்டது. அப்புறம் நிமிர்ந்தான்.

"அப்ப எனக்குப் பதினஞ்சுதானா?" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. "எம்மோவ், எனக்குப் பதினாலு மாசம் லாபம்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சீட்டை அவன் மாஸ்டரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் மாஸ்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். நான் நாலு நாள் அதற்குப் பயந்து செத்தேன். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று போய், ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நான் தனியாக மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். காலை ஆறு மணிக்கு.

"நீ தனியா ஓடினா நாலு முப்பத்தஞ்சுகூட வராது மச்சான். நான் முன்னாடி போறேன். என் காலப் பாத்துகினே வா."

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் விடாமல் வந்தான். எனக்காகத் தன் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமலேயே என் மூச்சுச் சத்தத்தை வைத்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கண்டுபிடித்து ஓடினான். நான் அவன் குதிகாலைப் பார்த்தபடி ஓடினேன். தூசி என் மூக்கில்தான் ஏறியது. அந்த ஐந்து வாரமும் அவனிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது ஒரு வசதி.

கடைசி சனிக்கிழமை என் தங்கை ஸ்டாப் வாட்ச் பிடித்தாள். நான்கு சுற்று வரைக்கும் அவன் முன்னால் போய்விட்டு ஒதுங்கிக்கொள்வதாகப் பேச்சு. நான்காவது சுற்று முடிந்தது, அவன் ஒதுங்கவில்லை. எனக்குத் தெரியாமல் எதுவோ அவனுக்குள் அவிழ்ந்துவிட்ட மாதிரி போனான். பத்து மீட்டர், இருபது, நாற்பது. நான் கோட்டைத் தொட்டபோது அவன் நின்று, திரும்பி, சட்டைக்கு நடந்துகொண்டிருந்தான். என் டைம் நாலு இருபத்தேழு. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் ஓடியதில் அதுதான் வேகம். அவன் எவ்வளவு?

"அந்த அண்ணாவுக்குப் புடிக்கலையே, உனக்குத்தான புடிக்கச் சொன்ன" என்றாள் தங்கை.

நாற்பது ஐம்பது மீட்டர் என்றால் ஏழெட்டு வினாடி. கழித்தால் நாலு பத்தொன்பது. நாலு இருபதுக்குள் மைல் ஓடிய பதினைந்து வயதுப் பையனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அது எந்த நோட்டிலும் இல்லை. எனக்கு மட்டும் தெரியும். அதுவும் மனக்கணக்காகத்தான் தெரியும்.

பொங்கல் கழிந்து நடந்த போட்டியில் நான் இரண்டாவதாக வந்தேன். நாலு இருபத்தாறு. முதலில் வந்தவன் அன்று காலை மழித்த முகத்தோடு இருந்தான். எனக்கு விடுதி கிடைத்தது. அப்புறம் காலேஜ், அப்புறம் இந்த வேலை. வேலையில் சேர்ந்த பிறகு நான் ஓடவே இல்லை. ஆபீஸ் டிரெயினில் தாம்பரத்தில் ஏறினால் பீச், பீச்சில் ஏறினால் தாம்பரம். அதற்கே சரியாகிவிட்டது. அவன் பிளஸ் டூ முடிக்கவில்லை, அப்பா இறந்ததும் பல்லாவரம் தோல் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு போயிருக்கலாம். மூன்று ஸ்டேஷன் தூரம்தான். போகவில்லை. என்ன சொல்வது என்று நினைக்கும்போதே களைப்பு வந்துவிடும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள், வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டேபிள் ஃபேன் ஒன்றைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "மச்சான்" என்று குரல். திரும்பாமலே தெரிந்துவிட்டது. கம்பெனி வண்டி ஓட்டுகிறானாம். உடம்பு பெருக்கவில்லை. கைகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பெண், கையில் பழைய மிக்ஸி ஜார்.

"இவருதான்" என்றான் அவளிடம். "சொல்லுவேனே, இவருதான்."

அந்தப் பெண் ஜாரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்லண்ணா. வயசே தெரியாம இருந்த ஆளுக்குத் தேதி வாங்கிக் குடுத்தீங்களாமே. வருசா வருசம் பொறந்த நாளைக்குக் கோயிலுக்கு இட்டுகினு போவாரு. முட்டி போட்டதும் மொதல்ல உங்க பேரச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவாரு."

அவ்வளவு கூட்டத்தில் உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அரற்றியது. சிரித்து வைத்தேன்.

"அந்தச் சீட்ட ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்காருண்ணா" என்றாள். "எனக்குப் படிப்பு கம்மி. ரெண்டு மூணு தேதி கீது அதுல. பொறந்தது, ஞானஸ்நானம் குடுத்தது தெரியும். கடைசில கையெழுத்துக்கிட்ட ஒரு தேதி கீதே, அது இன்னா தேதிண்ணா? இவரக் கேட்டா சொல்லவே மாட்டேங்குறாரு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் குனிந்து அந்த மிக்ஸி ஜாரின் அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்துக்கொண்டிருந்தான். முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. குத்திக்காட்டுகிற சிரிப்பும் இல்லை. பழைய முகம்தான், தூங்கி எழுந்த முகம்.

"அது இவங்கப்பா எழுதிக் குடுத்த தேதி" என்று அவளிடம் சொன்னான். "ரொம்ப நல்ல மனுசன். கேட்ட மறுநாளே எழுதிக் குடுத்துட்டாரு."

பிறகு என் கையிலிருந்த டேபிள் ஃபேனை வாங்கி, இறக்கையைச் சுற்றிவிட்டு, "இத வாங்காத மச்சான், பேரிங் போயிருக்கு" என்றான்.